ஆலி விழுந்த குன்று

பங்குனி என்றால் பாறை சுடும்,
சப்பாத்தின் அடி இளகும் என்றுதான்
தொப்பிகளோடு வந்தோம்.
நாலு போத்தல் தண்ணீர்,
ஜெசீலுக்கு நோன்பு, ஒளித்துக் குடிக்க.
மழைக்கோட்டு ஒன்றே ஒன்று.
அது கருவிக்கு.

கன்னியாவுக்கு மேற்கே
வரைபடத்தில் பெயரில்லாத குன்று.
உச்சியில் சீமெந்துத் தூண் ஒன்று இருக்கிறதாம்,
வெள்ளைக்காரன் காலத்து முக்கோணத்தின்
ஒரு மூலை.
மற்ற இரண்டும் கிடைத்துவிட்டன.
இதையும் கண்டுபிடித்தால்
திருகோணமலை இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது என்று
நிலஅளவைக் கந்தோர் நம்பும்.

ஜெசீல் முன்னால், கத்தியோடு,
ஈச்சம் பற்றையை வெட்டி வெட்டி.
நடுவில் நான், தோளில் முக்காலி.
கருவிப் பெட்டியைச் சுமந்த திலகசிறியின் நடை
முதுகில் பிள்ளை தூங்குகிறவன் நடை.
பாதி வழியில் பாறையில் வெட்டிய படிகள்,
சப்பாத்து அகலத்தில்.
யார் வெட்டியது என்று
இரண்டு மொழியிலும் ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டு மணிக்குக் கடல் பக்கத்து வெளிச்சம் போனது.
முதல் துளிகள் விழுந்த இடத்தில்
பாறை ஆவி விட்டது.
பிறகு பாசிக்கு உயிர் வந்தது.
கல்லின் கறுப்பு என்று நான் நம்பி மிதித்ததெல்லாம்
பச்சையாகி, நெகிழ்ந்து,
வைத்த அடியைத் திருப்பிக் கேட்டது.

“இரும்பைப் போடுங்க!”
ஜெசீல் கத்தவும் இடி.
முக்காலியை, அளவுகோலை, கத்தியை எறிந்துவிட்டு
பாறை இடுக்கில் ஒட்டிக்கொண்டோம்.
எறிந்த முக்காலியில்தான் முதலில் கேட்டது
டிங்.
டிங் டிங்.
திலகசிறி சட்டென்று தரையோடு படுத்தான்.
சத்தம் கேட்டால் படுக்கிற பழைய பழக்கம்.

ஆலங்கட்டி.
ஆலி என்றும் சொல்லலாம் என்று
பத்மலோஜினி ரீச்சர் எழுதிப்போட்ட சொல்.
பக்கத்தில் ஒரு வட்டம் வரைந்தார்,
உள்ளே ஒன்றும் வரையாமல். அவரும் கண்டதில்லை.

புளியங்கொட்டை அளவு. சிலது நெல்லிக்காய்.
நடுவில் பால் நிறத்தில் ஒரு கண்.
எனக்குத் தெரிந்த ஐஸெல்லாம்
மீனோடு வரும், செதிலும் இரத்தமுமாக.
இது எதுவும் மணக்கவில்லை.
ஜெசீல் ஒன்றை வாயில் போட்டான்,
நினைவு வந்து துப்பினான்.
மறதியாய் விழுங்கினதுக்குக் கணக்கில்லை என்று
நாங்கள் கேட்காமலே விளக்கினான்.

பத்து நிமிடம். நின்றுவிட்டது.
படியில் பாசி, பாசியில் தண்ணீர்,
தண்ணீரில் உருளுகிற வெள்ளை மணிகள்.
எழுபது மீற்றர் மேலே தூண் தெரிந்தது,
அல்லது தூண் மாதிரி ஏதோ.
திரும்புவோம் என்று யாரும் சொல்லவில்லை.
திரும்பியிருந்தோம்.

நடந்து அல்ல. இருந்து, குண்டியால்,
ஒரு படி, இன்னொரு படி.
கால்விரல்கள் எங்கே முடிகின்றன என்று தெரியவில்லை.
குளிர் இப்படித்தான் இருக்குமா,
உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடன் வாங்கிக்கொண்டு?
ஒரு வளைவில் நான் போனேன்.
ஆறேழு படி, ஒரு சத்தமும் இல்லாமல்.
ஈச்சை பிடித்தது.
உள்ளங்கையில் ஐந்து முள்,
நடுவே உருகாத ஒரு மணி.
முதலில் சிரித்தவள் நான்தான்.

கீழே வெந்நீர்க் கிணற்றடியில்
வாளியால் அள்ளிக் காலில் ஊற்றினேன்.
முதல் வாளி சுடவேயில்லை.
மூன்றாவதில் அழுகை வந்தது, வலியால்,
விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்ததால்.
மகளுக்கென்று சோற்றுப்பெட்டியில் அள்ளி வந்திருந்தான் திலகசிறி.
திறந்தான். ஒரு கரண்டித் தண்ணீர், ஓர் இலைத்துணுக்கு.
மறுபடி மூடி, சாயாமல் மடியில் வைத்துக்கொண்டான்.

களப் புத்தகத்தில்
‘வேலை முடியாத காரணம்’ என்ற கட்டத்தில்
மழை என்று எழுதினேன்.
ஐஸ் என்றால் சேர் சிரிப்பார்.

லொறி ஆறாம் கட்டை தாண்டும்போதுதான்
ஜெசீல் இடுப்பைத் தடவிப் பார்த்தான்.
கத்தி மேலேயே கிடக்கிறது.